கோவையில் இருந்தபடியே சிங்கப்பூரில் வீடு முடிக்கலாமா?

கேள்வி:

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். சாங்கி வர்த்தகப் பூங்காவில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு ஒப்புதலும் வந்துவிட்டது. ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். கணவரும் ஏழு வயது மகளும் உடன் வருகிறார்கள். சிங்கப்பூரை நாங்கள் பார்த்ததே இல்லை. லிட்டில் இந்தியா பக்கமே வீடு எடுத்தால் கோயில், கடை எல்லாம் கைக்கெட்டும் என்கிறார் மாமியார். கணவருக்கு நீச்சல்குளம் வைத்த கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடி வீட்டின் மேல் ஆசை. இதற்கிடையே வாட்ஸ்அப்பில் ஒரு முகவர், சிமெய் என்ற இடத்தில் மூன்று படுக்கையறை கொண்டோ, மாதம் 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று படங்கள் அனுப்பியிருக்கிறார். உரிமையாளர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாராம். ஒரு மாத வாடகையை அனுப்பினால் எங்களுக்காக எடுத்து வைப்பாராம், இரண்டு பேர் போட்டிக்கு நிற்கிறார்களாம். எங்களால் 3,300 வெள்ளி வரை கொடுக்க முடியும். அனுப்பலாமா? எந்த ஏரியா எங்களுக்குச் சரிவரும்? நாங்கள் தினமும் சமைக்கிறவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

பணம் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சிமெயில் மூன்று படுக்கையறையும் நீச்சல்குளமும் 2,400 வெள்ளிக்கு வராது. அந்த வாடகைக்கு அங்கே மூன்று படுக்கையறை உள்ள வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைப்பதே கஷ்டம். வாடகை குறைவு, உரிமையாளர் வெளிநாட்டில், போட்டிக்கு ஆள், இன்றே பணம்: ஏமாற்றுகிறவர்கள் ஊர் ஊராக இதே கதையைத்தான் சொல்கிறார்கள். இங்கே வீடு வாடகைக்கு முடித்துக்கொடுக்கும் ஒவ்வொருவரும் சொத்து முகவர் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். உண்மையான முகவரின் பெயரையும் பதிவெண்ணையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. உங்களோடு பேசும் தொலைபேசி எண்தான் பதிவேட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பதிவேட்டில் உள்ள எண்ணை அழைத்து, ‘இது நீங்கள்தானா?’ என்று கேளுங்கள். பாதிப் பேரின் குட்டு அந்த ஒரு அழைப்பிலேயே வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு விதியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது. முன்பணமோ வாடகையோ, உரிமையாளரின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். அவர்தான் உரிமையாளர் என்பதை நில ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டிச் சரிபார்க்கலாம். அதேபோல, ஒரே முகவர் ஒரே பேரத்தில் உரிமையாளருக்கும் உங்களுக்கும் சேர்த்து வேலை செய்யக் கூடாது. வீட்டைக் காட்டுகிறவர் பெரும்பாலும் உரிமையாளரின் ஆள். அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் உங்களுக்காகப் பேரம் பேச மாட்டார்.

சரி, ஆறு வாரத்தில் என்ன செய்வது? ஏரியாவைக் கோவையில் உட்கார்ந்தே முடிவு செய்துவிடலாம், அதற்கு வரைபடமும் ரயில் வழித்தடமும் போதும். வீட்டை மட்டும் இங்கே வந்து, உள்ளே நின்று பார்த்த பிறகுதான் முடிக்க வேண்டும். அதனால் முதலில் நீங்கள் மட்டும் வந்து, இரண்டு மூன்று வாரம் தற்காலிகமாகத் தங்குங்கள். கணவரும் மகளும் வீடு அமைந்த பிறகு வரட்டும். தங்கும் செலவை நிறுவனம் ஏற்குமா என்று இப்போதே கேளுங்கள். பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன, கேட்காதவருக்குச் சொல்வதில்லை.

தற்காலிகம் என்றதும் இணையத்தில் யாரோ ஒருவரின் வீட்டைப் பதினைந்து நாளுக்கு எடுத்துவிடாதீர்கள். மற்ற ஊர்களில் சகஜம்தான், இங்கே சட்ட விரோதம். தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும், வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம். ஹோட்டல், இல்லையென்றால் சர்வீஸ் அப்பார்ட்மென்ட். முதல் வகை ஃபேரர் பார்க் பக்கம் நிறைய உண்டு. உங்கள் மாமியார் சொன்ன லிட்டில் இந்தியாவை அந்த இரண்டு வாரத்தில் ஆசைதீர அனுபவித்துவிடலாம்.

ஏன் அங்கேயே குடியிருக்க வேண்டாம் என்கிறேன்? கோயிலும் கடையும் இல்லாத ஊருக்குப் போகிறோம் என்ற பயம் புரிகிறது. ஆனால் சிங்கப்பூரில் தமிழர்கள் ஒரே இடத்தில் குவிந்து வாழவில்லை. வீவக வீடு வாங்குவதில் 1989 முதல் இன விகிதாசாரம் உண்டு. ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடம்) ஒவ்வொரு வட்டாரத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. அதனால் எந்தப் பேட்டைக்குப் போனாலும் உங்கள் மாடியிலோ பக்கத்து மாடியிலோ அநேகமாக ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கும். மின்தூக்கியில் ‘எந்த ஊரும்மா?’ என்று கேட்கும் பாட்டியும் இருப்பார். கீழே மாமாக் கடை எனும் சிறு மளிகைக் கடையில் கறிவேப்பிலை கிடைக்கும். தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில் குடியிருக்கிறவர்களைவிட, வாரம் ஒருமுறை வந்து பை நிறைய வாங்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் ஒரு முறை நடந்து பார்த்தால், ஏழு வயதுப் பிள்ளையோடு அங்கே குடியிருப்பதா என்று நீங்களே யோசிப்பீர்கள்.

பயண நேரமும் இடிக்கிறது. உங்கள் அலுவலகத்துக்கு எக்ஸ்போ ரயில் நிலையம். லிட்டில் இந்தியா நிலையமும் எக்ஸ்போவும் ஒரே நீல நிற டௌன்டவுன் பாதையில்தான் இருக்கின்றன. ரயில் மாறாமல் போகலாமே என்று தோன்றும். அந்தப் பாதை நேராகப் போவதில்லை. தெற்கே பூகிஸ், மெரினா பக்கம் இறங்கி, சைனாடவுனைச் சுற்றி, மறுபடி லிட்டில் இந்தியாவுக்கு அருகிலேயே ஜாலான் புசார் வழியாக வந்து, அதற்குப் பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. லிட்டில் இந்தியாவில் ஏறினால் எக்ஸ்போ 23ஆவது நிலையம். நடந்து போய் ஜாலான் புசாரில் ஏறினால் 13ஆவது. புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளச் சில மாதம் ஆகிவிடும். நீங்கள் கிழக்கில் குடியிருந்துகொண்டு, காய்கறி வாங்க வாரம் ஒருமுறை ஜாலான் புசாரில் இறங்கித் தேக்காவுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

ஆக, கிழக்கு. என் யோசனை தெம்பனிஸ். அடுத்து பிடோக் நார்த், பிடோக் நீர்த்தேக்கம் பக்கம். தெம்பனிஸ் நிலையத்திலிருந்து எக்ஸ்போ மூன்றாவது நிறுத்தம், பிடோக் நார்த்திலிருந்து ஆறாவது. தெம்பனிஸில் பச்சைப் பாதையும் நீலப் பாதையும் சந்திக்கின்றன. நாளை உங்கள் கணவருக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வேலை கிடைத்தாலும் ரயில் மாறாமல் போவார். டிபெண்டன்ட் பாஸில், அதாவது குடும்பத்தினருக்கான அனுமதியில் வருகிறவர் இங்கே வேலை பார்க்கத் தனியாகப் பாஸ் வாங்க வேண்டும், அதையும் அவர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். சிமெய் அமைதியான இடம்தான். ஆனால் அங்கிருந்து எக்ஸ்போவுக்குத் தானா மேராவில் ரயில் மாற வேண்டும், பெரிய சந்தையும் இல்லை. தெம்பனிஸில் ஸ்த்ரீட் 11இல் வட்டச் சந்தை என்று ஒன்று உண்டு. மீனும் கீரையும் காலையிலேயே போனால் நன்றாக இருக்கும். கிழக்கின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பாய லேபார் விமானத் தளத்தின் போர் விமானங்கள் சில நாள் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகும். வீட்டிலிருந்தே இணையக் கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கு அது எரிச்சல்தான்.

மகளின் பள்ளிதான் கணக்கை மாற்றக்கூடிய ஒரே விஷயம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு முதல் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினாலும் காலியிடம் உள்ள பள்ளியில்தான் இடம். ஒரு பள்ளியை மனத்தில் வைத்து அதன் வாசலில் வீடு எடுப்பது அவர்களுக்கு வீண் வேலை. முதல் ஆண்டு சிபிஎஸ்இ பள்ளி என்றால், கிழக்கில் சாய் சீ லேனில் என்பிஎஸ் பள்ளி இருக்கிறது. குளோபல் இந்தியன் பள்ளியின் ஒரு வளாகம் பொங்கோலில். பொங்கோலிலிருந்து எக்ஸ்போவுக்கு நேரடி ரயில் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். பள்ளியை முதலில் முடியுங்கள், பள்ளிப் பேருந்து எந்தெந்தத் தெருவுக்கு வரும், எத்தனை மணிக்கு ஏற்றும் என்று கேளுங்கள், பிறகு வீட்டைப் பாருங்கள். பிள்ளையை இருட்டிலேயே எழுப்பிக் கிளப்ப வேண்டியிருந்தால் எந்த நீச்சல்குளமும் ஈடாகாது.

நீச்சல்குளம் என்றதும் உங்கள் கணவர். 3,300 வெள்ளிக்குக் கொண்டோ என்றால் ஒரு படுக்கையறை, மிஞ்சினால் சிறிய இரண்டு. பொதுநீச்சல் வளாகம் எல்லாப் பெரிய பேட்டைக்கும் பக்கத்தில் உண்டு, கட்டணமும் சொற்பம். எனவே வீவக. இங்கே விளம்பரத்தில் வரும் அறைக் கணக்கு உங்களைக் குழப்பும். கூடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ‘3 அறை வீடு’ என்றால் ஊரில் நீங்கள் சொல்லும் டூ பிஹெச்கே, ஏறத்தாழ 65 சதுர மீட்டர். ‘4 அறை’ என்றால் மூன்று படுக்கையறை, சுமார் 90 சதுர மீட்டர். உங்கள் பணத்துக்கு 3 அறை நல்லபடியாக அமையும், 4 அறை சற்றே பழைய புளோக்கில் பேரம் பேசினால் அமையலாம். பேட்டைவாரியாக நடுத்தர வாடகை என்ன என்பதை வீவக காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.

வீவக வீட்டில் உங்களுக்கென்று ஒரு முட்டுக்கட்டை உண்டு. முழு வீட்டையும் மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு வாடகைக்கு விடுவதில் வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு என்று உச்சவரம்பு. அது நிரம்பிவிட்டால் உரிமையாளரே விரும்பினாலும் உங்களுக்குக் கொடுக்க முடியாது. வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே, இந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று முகவரைக் கேளுங்கள். பார்த்து, மனம் வைத்து, திரை அளவுகூட எடுத்த பிறகு இல்லை என்று தெரிவது பெரிய வேதனை. குடியேறும் முன் உரிமையாளர் வீவக ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அந்த ஒப்புதலின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்குள். வீடு பார்த்துக்கொடுக்கும் என் தொழிலில் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வற்புறுத்துவது மாலை நான்கு மணிக்கு வீடு பார்க்கச் சொல்வதைத்தான். காலையில் எல்லா வீடும் அழகு. நான்கு மணிக்குப் போய், படுக்கையறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வையுங்கள். மேற்கு வெயில் விழும் சுவர் என்றால் கை சுடும். அந்தச் சுவர் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கும், நீங்கள் ஏர்கானை நிறுத்தவே மாட்டீர்கள், மின்கட்டணம் உங்களுடையது. வடக்கு, தெற்குப் பார்த்த ஜன்னல் என்றால் நிம்மதி. அப்புறம் ஷவரையும் சமையலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டு நீர் வேகத்தைப் பாருங்கள். ஏர்கான் எல்லாவற்றையும் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கீழே நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். எண்பதுகளில் கட்டிய வீடுகளில் குப்பைக் குழாயின் வாய் சமையலறைக்குள்ளேயே இருக்கும். அதைத் திறந்து பாருங்கள், கரப்பான் வாசம் அடித்தால் தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கம்பி எந்தப் பக்கம், மேல்வீட்டுத் தண்ணீர் அதில் சொட்டுமா என்றும் பாருங்கள். கூட வருகிறவர் பொறுமை இழந்து கடிகாரத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பிறகு கீழே இறங்கி புளோக்கை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நேர் கீழே காப்பிக் கடை இருந்தால் இரவு நெடுநேரம் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணமும் சீனர்களின் இறுதிச்சடங்கும் நடக்கும். அது இந்த ஊரின் வாழ்க்கை, ஓரிரு நாள் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது எல்லாருக்கும் பழக்கம். தாழ்ந்த மாடி என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மின்தூக்கிக்கு ஒட்டிய வீடு, விரைவுச்சாலையைப் பார்த்த வீடு இரண்டையும் நான் என் வாடிக்கையாளர்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுவேன்.

சமையல். நீங்களாகவே சொன்னது நல்லதாயிற்று. ‘லைட் குக்கிங்’ மட்டும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அதாவது நூடுல்ஸ் வேகவைக்கலாம், மீன் பொரிக்கக் கூடாது. இந்தியர் என்றதும் பதில் போடாத உரிமையாளர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று பூசி மெழுக நான் தயாராக இல்லை. அவர்களை மாற்றும் வேலை உங்களுடையது அல்ல. வீடு பார்க்கப் போகும் முன்பே முகவர் மூலம், ‘தமிழ்க் குடும்பம், மூன்று பேர், தினமும் சமைப்பார்கள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வாருங்கள் என்கிறவர் வீட்டுக்கு மட்டும் போனால் அலைச்சலும் மிச்சம், மனக்கசப்பும் மிச்சம். சமைக்கத் தடையில்லை என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். சமையலறை ஜன்னல் பொதுநடைபாதைப் பக்கம் திறக்கிறதா, வெளிப்புறம் திறக்கிறதா என்று பாருங்கள், தாளிப்பு வாசம் யார் வீட்டுக்குப் போகும் என்பது அதில்தான் இருக்கிறது. கிரைண்டரைத் தாராளமாகக் கொண்டு வரலாம். மின்அழுத்தம் இங்கேயும் 230 வோல்ட், பிளக் மட்டும் வேறு, சதுர முனை மூன்று. ராத்திரி பத்துக்கு மேல் மாவு ஆட்டாதீர்கள், கீழ்வீட்டுக்காரர் நகர மன்றத்துக்கே எழுதிவிடுவார்.

பணக் கணக்கு இப்படி வரும். 3,000 வெள்ளி வாடகைக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை எடுக்க விரும்புகிறோம் என்று எழுதிக்கொடுக்கும் விருப்பக் கடிதத்தோடு ஒரு மாத வாடகை கொடுப்பீர்கள், அது வழக்கமாக முதல் மாத வாடகையாகக் கழிந்துவிடும். வைப்புத்தொகை ஆண்டுக்கு ஒரு மாதம் என்பது வழக்கம், ஆக 6,000. மொத்த வாடகை 72,000 வெள்ளிக்கு முத்திரை வரி 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. வாடகைக்கு வருகிறவர்தான் கட்ட வேண்டும், இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் வழக்கு என்று வந்தால் சாட்சியாக நிற்காது. உங்களுக்கென்று முகவர் வைத்தால் அவர் கட்டணம் தனி. அதற்கு அரசு நிர்ணயம் எதுவும் இல்லை, பேசித்தான் முடிக்க வேண்டும். ஆக, கையில் பத்தாயிரம் வெள்ளியாவது இல்லாமல் வீடு பார்க்கக் கிளம்ப வேண்டாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். டிப்ளமாட்டிக் கிளாஸ் என்பார்கள். வேலை போனாலோ நிறுவனம் வேறு நாட்டுக்கு மாற்றினாலோ அபராதமின்றி வீட்டைக் காலிசெய்யும் உரிமை அது. வழக்கமாக 12 மாதம் முடிந்த பிறகு 2 மாத முன்னறிவிப்போடுதான் பயன்படுத்த முடியும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் நாட்டில் இருக்க 30 நாள்தான் அவகாசம். இந்த வரி இல்லாமல் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கோவையில் உட்கார்ந்துகொண்டு தெம்பனிஸ் வீட்டுக்கு வாடகை கட்ட நேரும். ஓராண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இந்த வரியைச் சேர்க்க மாட்டார்கள். வேலை புதிது என்பதால் உங்களுக்கு இந்த வரியோடு இரண்டு ஆண்டு நல்லது என்பது என் கணிப்பு. சிறு பழுதுக்கு எவ்வளவு வரை உங்கள் செலவு என்ற தொகையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் பராமரிப்பு உங்கள் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கும். தொகை அதிகமாகத் தெரிந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், தவறில்லை.

சாவி வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு சுவரையும், மெத்தையின் இரண்டு பக்கத்தையும், அடுப்பையும், குளியலறைத் தரை இடுக்கையும் படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முதல் 30 நாளில் தெரியும் பழுதை உரிமையாளர் செலவில் சரிசெய்வது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த நாள்களுக்குள் எல்லா விளக்கையும் சுடுநீர்க் கருவியையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் பயன்படுத்திப் பார்த்து, கோளாறை எழுத்தில் சொல்லுங்கள். காலிசெய்யும்போது வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதில் தகராறு வந்தால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு ஒப்பந்தங்களுக்கு 20,000 வெள்ளி வரை சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் முறையிடலாம், அங்கே கேட்கப்படுவது அந்தப் படங்களும் வாட்ஸ்அப் செய்திகளும்தான்.